ஸ்கேலில் 8 வந்தால் நீளம் 8 ஆகிவிடுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: ஆறாம், ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறீர்கள். 'ஒரு மீட்டர் 100 செ.மீ.' என்பதைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நீளம் பெருக்கல் அகலம் என்பதும் வாயில் நிற்கிறது. ஆனால் பென்சிலை ஸ்கேலில் 3-இல் தொடங்கி 8-இல் முடிகிற மாதிரி வைத்துக் கேட்டால் பாதி வகுப்பு 8 என்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு 100 சதுர செ.மீ. என்று எழுதுகிறார்கள். வேலி போடுகிற கணக்குக்குப் பரப்பளவு கண்டுபிடிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்கினால் இது சரியாகும் என்பது உங்கள் கேள்வி. பார்க்க மூன்று தவறாகத் தெரிந்தாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். பிள்ளைகள் கையில் எண் இருக்கிறது, அந்த எண் எதை எண்ணி வந்தது என்பது இல்லை. அதனால் கூடுதல் பயிற்சிக் கணக்குகள் கொடுத்துப் பயனில்லை. நீளமோ, பரப்போ, கொள்ளளவோ, கோணமோ, ஒவ்வொன்றிலும் 'இங்கே எதை எண்ணுகிறோம்' என்ற கேள்விக்குப் பிள்ளை பதில் சொன்ன பிறகே சூத்திரத்துக்குப் போக வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒன்றைச் செய்வதற்கான வழிகள்தான்.

முதலில் அந்தப் பென்சில். 8 என்று சொல்பவர்கள் மட்டுமல்ல, 6 என்று சொல்பவர்களும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள், கவனித்துப் பாருங்கள். இரண்டு விடைக்கும் ஒரே மாதிரி பெருக்கல் குறி போட்டுவிடாதீர்கள். 8 என்கிற பிள்ளை, நுனி எந்த எண்ணில் முடிகிறதோ அதுவே நீளம் என்று நினைக்கிறது. நீளம் என்பது இரண்டு முனைகளுக்கு நடுவே இருப்பது என்ற எண்ணமே அதற்கு வரவில்லை. 6 என்கிற பிள்ளை 3, 4, 5, 6, 7, 8 என்று கோடுகளை எண்ணியிருக்கிறது. எண்ண வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. இடைவெளிக்குப் பதிலாகக் கோட்டை எண்ணிவிட்டது, அவ்வளவுதான். இரண்டாவது பிள்ளைக்கு ஸ்கேலில் இடைவெளிகளை மாற்றி மாற்றி இரண்டு நிறத்தில் தீட்டச் சொன்னால் அநேகமாக அன்றைக்கே பிடிபட்டுவிடும். முதல் பிள்ளைக்கு அது போதாது. அதற்கு ஸ்கேலையே செய்ய வைக்க வேண்டும்.

செய்வது இப்படி. ஆளுக்கு சார்ட் அட்டையில் வெட்டிய 12 செ.மீ. பட்டை ஒன்று, வேறு நிறத்தில் 1 செ.மீ. துண்டு ஒன்று. துண்டு ஒன்றே ஒன்றுதான் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு துண்டு கொடுத்தால் அடுக்கி வைத்துவிடுவார்கள், வேலை முடிந்துபோகும். ஒன்றை வைத்து, முனையில் கோடு கிழித்து, அடுத்த இடத்துக்கு நகர்த்தி, மறுபடி கோடு கிழித்துப் போகும்போதுதான் இடைவெளி விடக்கூடாது, மேலே ஏறக்கூடாது என்பது கைக்குத் தெரியும். முடிந்ததும், 'இப்போது எண் எழுதுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு எதுவும் பேசாமல் சுற்றி வாருங்கள். சிலர் இடைவெளியின் நடுவில் எண் எழுதுவார்கள். சிலர் இடது ஓரத்திலேயே 1 போட்டுவிடுவார்கள். அந்த இரண்டு பட்டைகளையும் வாங்கி ஒரே பென்சிலை அளக்க வைத்தால், 'இடது ஓரத்துக்கு என்ன எண்?' என்ற கேள்வி தானாக எழும். 0 அங்கே எதற்கு இருக்கிறது என்பதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. கடைசியாக எல்லோர் பட்டையிலும் முதல் 2 செ.மீ.ஐக் கத்தரித்துவிட்டு, மீதியை வைத்து அளக்கச் சொல்லுங்கள். இது ஒரு பீரியட் வேலை. ஏழாம் வகுப்புக்கு இது சின்னப் பிள்ளை விளையாட்டு போலத் தோன்றலாம். ஸ்கேல் என்ற பொருளை முதல்முறையாக உற்றுப் பார்க்கிற பிள்ளைகள் ஏழாம் வகுப்பிலும் உண்டு.

கருவியின் கோளாறுகளையும் சொல்லித்தர வேண்டும், ஏனென்றால் பிள்ளையின் தவறு என்று நாம் நினைப்பதில் பாதி கருவியின் தவறு. பிளாஸ்டிக் ஸ்கேலில் 0 ஓரத்தில் இருப்பதில்லை, சில மி.மீ. உள்ளே தள்ளி இருக்கும். ஓரத்திலிருந்து அளக்கிற பிள்ளைக்கு எல்லா விடையும் அதே அளவு குறைந்தே வரும். எல்லா விடையிலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் காரணம் அங்கேதான். மர மீட்டர் ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கும். 10-இலிருந்து அளந்து 10-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். பட்டையின் முதல் 2 செ.மீ.ஐக் கத்தரித்துவிட்டு அளந்த பயிற்சிக்கு இதுதான் நிஜப் பயன். டெய்லர் டேப்பில் ஒரு பக்கம் செ.மீ., மறுபக்கம் அங்குலம். திருப்பிப் பிடித்துவிட்டுத் தன் உயரம் 57 செ.மீ. என்று எழுதுகிற பிள்ளை இருக்கும். ஆசாரி வைத்திருக்கிற இரும்பு டேப்பின் முனைக்கொக்கி லேசாக ஆடும். அது பழுது இல்லை. கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு ஆடும்படிதான் செய்கிறார்கள், கொக்கியை மாட்டி இழுத்தாலும் சுவரில் முட்டவைத்து அளந்தாலும் ஒரே அளவு வரவேண்டும் என்பதற்காக. ஸ்கேலின் விளிம்பு சரிவாகச் சீவியிருப்பதும் காரணமாகத்தான்: கோடுகள் தாளை ஒட்டி இருந்தால் கண்ணைச் சாய்த்துப் பார்ப்பதால் வரும் பிழை குறையும்.

மி.மீ. வரை அளக்கும்போது வகுப்பில் ஒரு சண்டை வரும். அதே நோட்டின் அகலத்துக்கு ஒருவர் 15.4 என்பார், இன்னொருவர் 15.5 என்பார். எது சரி என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். 15.4 செ.மீ. என்று எழுதினால் அதன் பொருள், உண்மையான நீளம் 15.35-க்கும் 15.45-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதே. அளவு எதுவும் எண்ணிக்கை போல முழுதாக வராது என்பதை எட்டாம் வகுப்புக்குள் பிள்ளை உணர்ந்திருக்க வேண்டும், பின்னால் அறிவியல் செய்முறைக்கு இது தேவை. மெல்லிய பொருளை அளக்க ஒரு நல்ல வேலை: நோட்டின் ஒரு தாள் எவ்வளவு தடிமன்? 200 பக்க நோட்டில் 100 தாள். அட்டையை விட்டுவிட்டு எல்லாத் தாளையும் இறுக்கிப் பிடித்து அளந்தால் சுமார் 1 செ.மீ. வரும், அப்படியானால் ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. இங்கே பிள்ளைகள் 200-ஆல் வகுப்பார்கள். பக்கத்தை எண்ணினோமா, தாளை எண்ணினோமா என்று மறுபடி அதே கேள்விக்குத்தான் திரும்புகிறோம்.

இனி அதிகம் பேசப்படாத ஓர் இடம்: புள்ளி. 2 மீ 5 செ.மீ.ஐ 2.5 மீ என்று எழுதுவது கவனக்குறைவு இல்லை. மீட்டருக்கும் செ.மீ.க்கும் நடுவில் டெசிமீட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதை வாழ்க்கையில் யாரும் பயன்படுத்துவதில்லை. புள்ளிக்கு அடுத்த இடம் அதனுடையது. யாரும் பயன்படுத்தாததால் பிள்ளை அந்த இடத்தையே தாண்டிப்போய் 5-ஐ அங்கே வைத்துவிடுகிறது. எனவே டெசிமீட்டரைப் பட்டியலில் மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, 10 செ.மீ. நீளத்தில் பட்டைகள் வெட்டி, '2 மீ, ஒரு பட்டை கூட இல்லை, 5 செ.மீ.' என்று வைத்துக் காட்டுங்கள். 2.05-இல் இருக்கிற 0 எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். எடைக்கு இதைவிட எளிய வழி மளிகைக் கடைத் தராசு. எலக்ட்ரானிக் தராசு 50 கிராமை 0.050 என்றும் 250 கிராமை 0.250 என்றும் காட்டும், புள்ளிக்குப் பின் மூன்று இடமும் எப்போதும் இருக்கும். '3 கிலோ 50 கிராம் வைத்தால் தராசு என்ன காட்டும்?' என்று கேளுங்கள். 3.5 என்று எழுதுகிற பிள்ளைகள் கணிசமாகக் குறைவார்கள்.

இதற்கு நேர்மாறான தொல்லை, புள்ளி போலத் தெரிந்து புள்ளியாக இல்லாதவை. ஊரெல்லாம் இவைதான் இருக்கின்றன, பாடப்புத்தகம் மட்டும் கண்டுகொள்வதில்லை. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் 4 ஓவர் 3 பந்து, அதாவது நாலரை ஓவர். 36 ரன் எடுத்திருந்தால் ரன் ரேட் 36-ஐ 4.5-ஆல் வகுத்து 8. கால்குலேட்டரில் 4.3 போட்ட பிள்ளைக்கு 8.37 வரும், டிவியில் காட்டுவதோடு ஒத்துப்போகாது. உயரம் 5.4 என்று நாம் சொல்வது 5 அடி 4 அங்குலம், நிஜமான 5.4 அடி என்றால் 5 அடி 4.8 அங்குலம். எல்லாவற்றையும்விட அழகானது வளையல் சைஸ். 2.4, 2.6, 2.8, 2.10 என்று கடையில் எழுதியிருக்கும். அது உள்விட்டம், 2 அங்குலமும் பதினாறில் எத்தனை பங்கும் என்று படிக்க வேண்டும். 2.4 என்றால் இரண்டே கால் அங்குலம், ஏறக்குறைய 57 மி.மீ.; 2.8 என்றால் இரண்டரை அங்குலம், 63.5 மி.மீ. தசமமாகப் படித்தால் 2.10 எல்லாவற்றிலும் சின்னது. கடையில் கேட்டால் 2.8-ஐவிடப் பெரியது. வகுப்பில் நாலு வளையலை வைத்து, 'சிறியதிலிருந்து பெரியதற்கு அடுக்குங்கள், பிறகு சைஸைப் படியுங்கள்' என்று சொன்னால் அரைமணி நேர விவாதத்துக்கு அது போதும். பஸ் நேரமும் இந்த வகைதான். 9.40-க்குக் கிளம்பி 1.15-க்குச் சேர்ந்த பஸ்ஸுக்குக் கழித்தல் போட வைக்காதீர்கள். 10 மணிக்கு 20 நிமிடம், அங்கிருந்து 1 மணிக்கு 3 மணி நேரம், அப்புறம் 15 நிமிடம், மொத்தம் 3 மணி 35 நிமிடம் என்று கோட்டின் மேல் தாவித் தாவிப் போகச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும்போது 60-க்குப் பதில் 100 வாங்குகிற தவறு இதில் எழவே எழாது.

அலகு மாற்றத்துக்குக் கிலோ, ஹெக்டோ, டெக்கா என்று படிக்கட்டு போட்டு, இறங்கினால் பெருக்கு, ஏறினால் வகு என்று சொல்லித்தருகிறோம். தேர்வுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் படிக்கட்டு நினைவில் தலைகீழானால் பிள்ளைக்குத் தன் தவறு தெரியாது. அதற்கு முன்பே 'அலகு சிறுத்தால் எண்ணிக்கை பெருகும்' என்பது கையில் பழகியிருக்க வேண்டும். ஒரே மேஜையை முதலில் ஏ4 தாளின் நீளப் பக்கத்தாலும், பிறகு ஏடிஎம் கார்டு அளவு அட்டையாலும் அளக்க வையுங்கள். எதில் எண் பெரிதாக வரும் என்று அளப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். இது வந்துவிட்டால் '3.5 மீ = 0.035 செ.மீ.' என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது.

மதிப்பிடுவதற்குப் பிள்ளைக்கு மனத்தில் சில உறுதியான அளவுகள் வேண்டும். எப்போதும் கிடைக்கிற, அளவு மாறாத பொருளாகப் பார்த்துக் கொடுங்கள். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. ஏடிஎம் கார்டின் நீளம் 85.6 மி.மீ. ஏ4 தாள் 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ. 'டூ பை டூ' என்று கடையில் சொல்கிற தரை டைல்ஸ் 60 செ.மீ. சதுரம். எடைக்கு ஏ4 தாளைப் போல வசதியானது வேறில்லை: கட்டின் மேல் 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தால் ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம், ஓர் ஏ4 தாள் அதில் பதினாறில் ஒரு பங்கு, ஆக ஒரு தாள் 5 கிராம். 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. கிராம் என்பது எவ்வளவு லேசானது என்று இதை வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம்.

சாண், முழம், அடி எல்லாம் வைத்து அளக்கச் சொல்லி, அதிலிருந்து பொது அலகின் தேவையைக் காட்டுவது வழக்கமான முறை. அது எவ்வளவு தேவை என்பதில் ஆசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் அதன் இடம் வேறு. ஆறாம் வகுப்பில் அதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. 'ஆளுக்கு ஆள் முழம் மாறும்' என்பது அந்த வயதுப் பிள்ளைக்குப் பூக்கடையிலேயே தெரியும். மதிப்பிடும் பழக்கமும் அப்படித்தான். தினம் இரண்டு நிமிடம் செய்தால் மதிப்பீடு துல்லியமாகும், இதில் ஐயமில்லை. ஆனால் அதனால் மட்டுமே தேர்வுக் கணக்கில் மதிப்பெண் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கட்டைகள், பட்டைகள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: அவற்றைக் கொடுத்துவிட்டதாலேயே பிள்ளை கற்றுக்கொள்ளாது. அடுக்கி முடித்த பிறகு 'எத்தனை, எதில் எத்தனை' என்ற பேச்சு நடக்காவிட்டால் அது கைவேலை வகுப்பாகவே முடியும்.

வேலிக்குப் பரப்பளவு கண்டுபிடிக்கிற பிரச்சினைக்கு வருகிறேன். சுற்றளவையும் பரப்பளவையும் தனித்தனி வாரங்களில் நடத்திவிட்டுப் பிறகு கலந்து கேட்பதுதான் குழப்பத்தை வளர்க்கிறது. இரண்டையும் ஒரே உருவத்தில், ஒரே நாளில், எதிரெதிரே நிறுத்த வேண்டும். 24 செ.மீ. நூலை முடிச்சுப் போட்டு, கிராஃப் தாளின் மேல் செவ்வகமாக வைக்கச் சொல்லுங்கள். 1-க்கு 11 என்றால் உள்ளே 11 கட்டம். 2-க்கு 10 என்றால் 20. பிறகு 27, 32, 35, கடைசியில் 6-க்கு 6 சதுரத்தில் 36. நூல் ஒன்றுதான், உள்ளே இருப்பது மூன்று மடங்குக்கு மேல் மாறிவிட்டது. முடிச்சுக்கு விட்ட நூலைச் சேர்த்து 26 செ.மீ. வெட்ட வேண்டும், மறந்தால் கணக்கு உதைக்கும். அடுத்து 36 கட்டங்களை மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றினால் சுற்றளவு 24-இலிருந்து 74 வரை போகும்.

'சுற்றி என்று வந்தால் சுற்றளவு, தரை என்று வந்தால் பரப்பளவு' என்று சொற்களை வைத்துச் சூத்திரம் தேடப் பழக்காதீர்கள். ஏழாம் வகுப்பு நடைபாதைக் கணக்கில் அது காலை வாரிவிடும். 20 மீ, 15 மீ வயலைச் சுற்றி வெளியே 1 மீ அகலத்தில் பாதை என்றால், சொல் 'சுற்றி', கேட்பது பரப்பளவு. சொல்லைப் பார்ப்பதற்குப் பதிலாக, 'இந்த வேலைக்கான பொருளைக் கடையில் எப்படி விற்கிறார்கள்?' என்று கேட்கப் பழக்குங்கள். கம்பி வேலியும் சாரியின் பார்டரும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். டைல்ஸ் சதுர அடிக்கு விலை. தண்ணீர் லிட்டருக்கு. அந்தப் பாதைக் கணக்கிலேயே இன்னொரு வழுக்கல் இருக்கிறது. இரண்டு பக்கமும் 1 மீ கூடும் என்பதை விட்டு, 21 × 16 என்று போடுவார்கள். சரியானது 22 × 17 = 374, அதில் 300 போக 74 ச.மீ. சுற்றளவு 70 மீ, பாதை அகலம் 1 மீ, ஆகவே 70 என்று சொல்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள், அது நன்றாக யோசித்திருக்கிறது. மீதி 4 எங்கே என்று படத்தில் தேட விடுங்கள், நாலு மூலையில் நாலு சதுரம் காத்திருக்கும்.

ஒரு சதுர மீட்டருக்கு 100 சதுர செ.மீ. என்பதைத் திருத்த, பழைய செய்தித்தாள்களை ஒட்டி 1 மீட்டருக்கு 1 மீட்டர் விரிப்பு ஒன்று செய்யுங்கள். அதில் 10 செ.மீ. சதுரம் எத்தனை அடங்கும்? பத்து வரிசை, வரிசைக்குப் பத்து, 100. ஒவ்வொரு சதுரத்திலும் 100 சதுர செ.மீ. ஆக 10,000. நேரே 10,000-க்குத் தாவினால் அது இன்னொரு மனப்பாட எண்ணாகிவிடும், நடுவில் அந்த 10 செ.மீ. சதுரம் கட்டாயம் வேண்டும். பின்பு 4 வரிசை, வரிசைக்கு 4 என்று 16 ஏ4 தாள்களைத் தரையில் பரப்புங்கள். 84 செ.மீ.க்கு 118.8 செ.மீ. வரும், பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்தான். 'சதுர மீட்டர்' சதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் விழிப்பார்கள். நிலத்தில் இதே கணக்கு பெரிதாகிறது. 1956-இல் சட்டம் போட்டு நாம் மெட்ரிக் முறைக்கு மாறினாலும் மனை இன்னும் சதுர அடியிலும் சென்டிலும்தான் விலை பேசப்படுகிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்டுக்குக் கொஞ்சம் அதிகம். குழி, மா கணக்கைக் கரும்பலகைக்குக் கொண்டுவர வேண்டாம், அவை ஊருக்கு ஊர் மாறும்.

இணைகரத்துக்கு இரண்டு பக்கத்தையும் பெருக்குவது அடுத்த வருடம் வரப்போகிற தவறு, இப்போதே தடுத்துவிடலாம். ஈர்க்குச்சியோ ஸ்ட்ராவோ 10 செ.மீ.யில் இரண்டு, 6 செ.மீ.யில் இரண்டு வெட்டி, மூலைகளில் நூலால் தளர்வாகக் கட்டிச் சட்டம் செய்யுங்கள். நிமிர்த்தி வைத்தால் செவ்வகம், 60 ச.செ.மீ. மெல்லச் சாய்த்துக்கொண்டே வந்து உயரம் 5 ஆனால் 50, 3 ஆனால் 30, ஒரேயடியாகப் படுத்துவிட்டால் ஒன்றுமே இல்லை. சுற்றளவு மட்டும் 32-ஐ விட்டு அசையாது. உயரத்தை மூலைமட்டம் வைத்துத்தான் அளக்க வேண்டும், கண்ணால் நேர்க்கோடு பிடித்தால் சாய்வுப் பக்கத்தையே பிடிப்பார்கள்.

வட்டத்துக்கு நூல் சுற்றி அளக்க வைத்தால், சுற்றளவை விட்டத்தால் வகுத்து வருகிற பை (π) 3-இலிருந்து 3.3 வரை எங்கெங்கோ வரும். சுற்றும்போது நூல் இழுபடுகிறது, எடுத்ததும் சுருங்குகிறது. அதைவிட வளையலின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, தரையில் ஐந்து சுற்று உருட்டி, மொத்த தூரத்தை ஐந்தால் வகுக்கச் சொல்லுங்கள், பிழையும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். விட்டத்தை இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவே வளையலை நெருக்கி வைத்து, புத்தகங்களுக்கு இடையே உள்ள தூரமாக அளக்கலாம். கடை சைஸை விட்டமாக எடுத்துக்கொண்டால் விடை தப்பும். அது உள்விட்டம், உருள்வது வெளி ஓரம்.

கோணமானி பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 60 என்பதற்கு 120 என்று படிக்கிற பிள்ளைக்கு உள்வரிசை, வெளிவரிசை விதி சொல்லித்தர வேண்டாம். வைப்பதற்கு முன்பே இது குறுங்கோணமா, விரிகோணமா என்று சொல்ல வைத்தால் போதும். அடிக்கோடு பிளாஸ்டிக்கின் ஓரத்தில் இல்லை, மேலே தள்ளி இருக்கிறது என்பதைக் காட்டுங்கள். கரங்களை நீட்டி வரைந்தால் கோணம் பெரிதாகும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்களா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள், அநேகமாக இருப்பார்கள்.

கனஅளவில் எண்ணும் தவறு மறுபடி தலைகாட்டும். கனசதுரங்களை அடுக்கிய படத்தைக் கொடுத்தால் வெளியே தெரிகிற முகங்களை மட்டும் எண்ணுவார்கள், மூலையில் இருப்பது மூன்று தடவை எண்ணப்படும், உள்ளே இருப்பது எண்ணப்படவே மாட்டாது. அடி அடுக்கில் எத்தனை, அப்படி எத்தனை அடுக்கு என்று கேட்டுப் பழக்கினால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஏன் பெருக்குகிறோம் என்பது அதிலேயே வந்துவிடும். சார்ட் அட்டையில் 10 செ.மீ. பெட்டி ஒன்று செய்து, லிட்டர் பாட்டிலால் மணல் அளந்து கொட்டினால் சரியாக நிரம்பும். தண்ணீர் ஊற்றினால் அட்டை ஊறிப்போகும். நிரப்பும்போது பெட்டியின் சுவர் வெளியே பிதுங்காமல் நான்கு பக்கமும் புத்தகம் முட்டுக் கொடுங்கள். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ என்ற எண்ணத்தை உடைக்க எண்ணெய் பாக்கெட் கொண்டுவாருங்கள், 1 லிட்டர் என்றும் பக்கத்திலேயே 910 கிராம் என்றும் அச்சிட்டிருப்பதைக் காணலாம். தண்ணீருக்குப் பொருந்துவது எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதை அந்த பாக்கெட்டே சொல்லிவிடும்.

கருவிகள் போதாது என்றால் நாலு பேருக்கு ஒரு தொகுப்பு போதும், ஆனால் அளப்பவர், படிப்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர் என்று வேலையைப் பிரித்து ஒவ்வொரு பொருளுக்கும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அளக்கும், மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கும். ஃபோனில் கேமரா வைத்து அளக்கிற ஆப்களை இந்தப் பாடத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அவை எண்ணை மட்டும் கையில் கொடுக்கின்றன, நம் பிரச்சினையே அதுதான்.

வினாத்தாளையும் மாற்றாமல் இதெல்லாம் நிலைக்காது. 'நீளம் 12, அகலம் 8, பரப்பளவு காண்க' என்ற கேள்வியில் அளப்பதற்கு எதுவுமே இல்லை. எண் எதுவும் எழுதாமல் ஓர் இணைகரத்தை அச்சிட்டு, தேவையானதை நீங்களே அளந்து பரப்பளவு காணுங்கள் என்று கேளுங்கள். எந்த இரண்டை அளந்தார்கள் என்று விடைத்தாளில் தனியே எழுத இடம் விட்டு, அதற்குப் பாதி மதிப்பெண் வையுங்கள். விடைக்குறிப்பில் ஒரே எண் போடக்கூடாது: அடி 7.2, உயரம் 4.5 என்று நீங்கள் வரைந்திருந்தால் இரண்டிலும் 1 மி.மீ. கூடக் குறைய வரலாம், ஆகவே 31.2-இலிருந்து 33.6 வரை எது வந்தாலும் முழு மதிப்பெண். ஜெராக்ஸ் எடுக்கும்போது படம் சில சமயம் சிறுத்துவிடும். வினாத்தாள் பிரதி கைக்கு வந்ததும் ஒருமுறை நீங்களே அளந்து பார்த்துவிட்டு விடைக்குறிப்பு எழுதுங்கள்.